நானூற்றாறு பேர் வந்து சேரவில்லை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அப்பாவுக்கு மெட்ராஸ் ஐ. இரண்டு கண்ணும் வெற்றிலை போட்ட வாய் மாதிரி இருக்கின்றன. "தில்லை, நீ இங்க வந்தீன்னா ஏர்போர்ட்டே செவந்துரும், வீட்டுலயே இரிய்யா" என்று மேனேஜர் பரஞ்சோதி சார் போனில் சொல்லிவிட்டார்.

ஆனால் வேலை நிற்காது. எங்கள் ஆனைமேடு விமான நிலையத்தில் தினமும் எத்தனை பேர் வந்தார்கள், போனார்கள், எத்தனை கிலோ சரக்கு ஏறியது, இறங்கியது என்று இரவு பத்து மணிக்குள் சென்னைக்குக் கணினியில் அனுப்ப வேண்டும். அதுதான் அப்பாவின் வேலை. கணக்குத் தாளைப் படம் பிடித்து ஆபீசிலிருந்து போனுக்கு அனுப்பினார்கள். அப்பாவால் பார்க்க முடியவில்லை. நான் பார்த்து அடித்தேன்.

"ஏட்டி நிறைமதி, பாஸ்வேர்டு யார்ட்டயும் குடுக்கக் கூடாதுன்னு ரூலு. நீ போடல, நான்தான் போட்டேன். வெளிய மூச்சு விடக் கூடாது, என்ன?"

அதனால்தான் இதை ஒளிந்து எழுதுகிறேன். யாரிடமும் சொல்ல முடியாததை எங்காவது சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வலிக்கும். அடுக்களையில் ஃப்ரிட்ஜ் கதவை ஒரு சாண் திறந்து வைத்து, அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறேன். முதுகு சில்லென்று இருக்கிறது.

படிவத்தில் எடைக்கு ஒரே ஒரு கட்டம். தாளில் இரண்டு எடை இருந்தன. சரக்கு 1,840 கிலோ, பயணிகளின் பெட்டிகள் 4,390 கிலோ. எதைப் போடுவது என்று கேட்கப் போனால், அப்பா சொட்டு மருந்து விட்டுக்கொண்டு தூங்கிப்போயிருந்தார். இரண்டையும் கூட்டிப் போட்டேன். பெட்டியும் விமானத்தின் வயிற்றில்தானே போகிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்றும் நானே போட்டேன். ஐந்தே நிமிடம்.

ஒரு விமான நிலையம் நன்றாக உழைக்கிறதா என்று எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? ஒரு ஆள் என்றால் ஒரு யூனிட். நூறு கிலோ சரக்கு என்றாலும் ஒரு யூனிட். எல்லா யூனிட்டையும் கூட்டி, அங்கே வேலை செய்கிறவர்கள் எத்தனை பேரோ அந்த எண்ணால் வகுப்பார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

பள்ளியில் என் தோழி ஜெரினாவிடம் இதை மட்டும் சொன்னேன். பாஸ்வேர்டு விஷயத்தைச் சொல்லவில்லை. அவள் யோசித்தாள்.

"அப்போ நூறு கிலோ முருங்கைக்காயும் எங்க வாப்பாவும் ஒண்ணாட்டி?"

"ஆமா."

"நம்ம ஹெச்.எம்.மு?"

"அவங்களும் ஒரு யூனிட்டுதான்."

"இது நியாயமே இல்ல. அவங்கள ரெண்டா போடச் சொல்லு."

பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். ஹெச்.எம். இல்லை. ஆனாலும் ஒரு மணி நேரம் பயந்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கண் உறுத்துகிறது. பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

உறுத்தல் போய்விட்டது. லீவும் போய்விட்டது.

ஆகஸ்ட் 11, திங்கள்



மாலையில் மேனேஜர் சார் கேக் பெட்டியோடு வீட்டுக்கே வந்தார். கண் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று வாசலிலேயே நின்று சத்தமாகப் பேசினார்.

"தில்லைவனம்! சென்னைலேருந்து மெயில் வந்துருக்குய்யா! பத்து நாள் கணக்குல, சின்ன ஏர்போர்ட்டு அத்தனைலயும் நம்மதான் மொத எடம்!"

அப்பா பதினொரு வருடமாக அங்கே ஒப்பந்த ஊழியர். மேனேஜர் அவருடைய முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது இன்றுதான்.

"ஒன் கான்ட்ராக்டு இந்த மாசத்தோட முடியுதுல்லா? நீட்டிக்கச் சொல்லி எழுதிட்டேன். இந்த மொத எடத்த வச்சே எழுதிட்டேன். இனி எவன் என்ன சொல்ல முடியும்?"

அவர் போன பிறகு அம்மா கேக்கை வெட்டினாள். "அப்படி என்னதான் கூடிப்போச்சு? எப்பவும் போறதுதான போகுது?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் கணக்குத் தெரிந்தவள் அம்மாதான்.

"சரக்கு கூடியிருக்கும். ஆடி மாசம்லா, மல்லிப்பூ ஏறுதுல்லா" என்றார் அப்பா. பிறகு ஆசிரியர் மாதிரி கையை ஆட்டிச் சொன்னார். "இதுல ஒரு சூட்சுமம் உண்டு, கேட்டியா? ஒரு ஆளு நூறு கிலோன்னா அவன் கொண்டுபோற பெட்டியும் சேத்துத்தான். பெட்டியத் தனியா எண்ணுனா அவன ரெண்டு தடவ எண்ணுன மாதிரி."

கேக் என் வாயில் அப்படியே நின்றது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

எல்லோரும் தூங்கிய பிறகு போனில் இருந்த தாள்களை எடுத்துக் கூட்டினேன். மூன்றாம் தேதியிலிருந்து எட்டு நாள், இன்று ஆறு மணிக்கே அனுப்பிவிட்டதையும் சேர்த்தால் ஒன்பது நாள். 40,600 கிலோ பெட்டி. நானூற்றாறு யூனிட். அதாவது இல்லாத நானூற்றாறு பேரை நான் எங்கள் ஊருக்கு வரவழைத்திருக்கிறேன்.

அப்பாவிடம் சொல்லலாம் என்று கட்டில்வரை போனேன். தூக்கத்திலும் அவர் முகம் சிரித்தபடி இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வழி கண்டுபிடித்துவிட்டேன்! கூடுதலாகச் சேர்த்த நானூற்றாறைக் கழித்துவிட வேண்டியதுதான். மாத முடிவில் மொத்தம் சரியாக வரும். மொத்தம் சரியாக இருந்தால் அது எப்படிப் பொய்யாகும்?

சரக்கில் கழிக்க முடியாது. முருங்கைக்காய் குறைந்தால் வியாபாரி கேட்பார். ஆள் குறைந்தால் யார் கேட்பார்கள்? ஒரு நாளைக்கு இருபத்தொரு பேர் என்று முடிவு செய்திருக்கிறேன்.

அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இன்னைக்கு நானே போடுதேன்" என்றார்.

"வேண்டாம்ப்பா, நானே போடுதேன். கணக்குப் பாடத்துக்கு நல்லதுன்னு மிஸ் சொன்னாங்க."

மிஸ் அப்படி எதுவும் சொல்லவில்லை.

"பாத்தியாடி ஒம்மவள" என்று அப்பா அம்மாவிடம் பெருமைப்பட்டுக்கொண்டு டிவியின் முன்னால் உட்கார்ந்தார். நான் மாலை விமானத்தில் வந்தவர்களில் இருபத்தொரு பேரைக் கழித்தேன். இந்நேரம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். தாங்கள் வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 14, வியாழன்

மஸ்கட்டிலிருந்து சித்தப்பா வந்தார். எனக்கு வாட்ச், அம்மாவுக்குச் சேலை, ஒரு பை நிறையச் சாக்லேட். "எப்படிம்மா இருக்க?" என்று தலையைத் தடவினார். அவரைக் கழிக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். இருபத்தொன்றில் அவரும் ஒருவராக இருக்கலாம். இரண்டு சாக்லேட்தான் தின்றேன்.

கழித்தது அறுபத்து மூன்று. பாக்கி 343.

ஆகஸ்ட் 16, சனி

பால் திரிந்துவிட்டது. "இந்த ஃப்ரிட்ஜு ஒரு வாரமா குளுரவே மாட்டேங்கு" என்று அம்மா மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் முக்கால் மணி நேரம் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மெஷினு நல்லாத்தான் இருக்கு, ராத்திரில கதவு தெறந்து கெடக்கும்போல" என்றார். நான் புவியியல் புத்தகத்தை மிக உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னையே பார்த்தாள். நான் அட்லாண்டிக் பெருங்கடலையே பார்த்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நேற்றும் இன்றும் கல்யாணக் கூட்டம். இன்று மட்டும் 402 பயணிகள்! இவ்வளவு பேரில் தொண்ணூறு போனால் யாருக்குத் தெரியும்? 312 என்று போட்டேன். ஒரு கல்யாண வீட்டையே அப்படியே அழித்துவிட்டேன். மாப்பிள்ளை மட்டும் தப்பித்திருக்க வேண்டும் என்று சாமி கும்பிட்டேன்.

பாக்கி 190.

ஆகஸ்ட் 21, வியாழன்

அப்பா இந்த வாரம் ஆபீசுக்குத் திரும்பிவிட்டார்; என் கணக்குப் பாடத்துக்காகத் தாளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். இருபது நாள் கணக்கு வந்தது. ஏழாம் இடம். அப்பா சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"எறங்கிட்டு. ஏன்னு தெரியல. மேனேஜரு, 'என்ன தில்லை, இப்படி ஆயிட்டு'ன்னுட்டாரு."

மறுபடியும் பாதிப் பெயர் ஆகிவிட்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சென்னை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வருகிறாராம். பெயர் ஃபிலோமினா. முதல் பத்து நாள் நாங்கள் முதலிடம் வந்ததால், எப்படிச் செய்தோம் என்று பார்த்து மற்ற ஊர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறாராம். எனக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வரவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மேனேஜர் சார் பெரிய ஆள். யூனிட்டைக் கூட்ட முடியவில்லை என்றால் வகுக்கிற எண்ணைக் குறைக்கலாம் என்று கண்டுபிடித்திருக்கிறார். நிலையத்தில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். தோட்டக்காரர்கள் இரண்டு பேரையும், ஓடுபாதையில் வெடி போட்டுப் பறவைகளை விரட்டும் இசக்கி அண்ணனையும் மேடம் இருக்கும் நாட்களில் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். பட்டியலிலும் மூன்று பெயரை அடித்துவிட்டாராம்.

"இது தப்பில்லையாங்க?" என்றாள் அம்மா.

"தப்புதான். மேனேஜர்ட்ட யாரு சொல்ல?" என்றார் அப்பா.

எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பெரியவர்களும் ஆளைக் கழிக்கிறார்கள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்று பாக்கி ஒரே ஒருவர். மாலை விமானத்தில் வந்தவர்கள் 64. அதை 63 ஆக்கினேன். முடிந்தது! நானூற்றாறும் தீர்ந்தது. பதினேழு நாளாக நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. அதே மாலை விமானத்தில்தான் ஃபிலோமினா மேடமும் வந்தாராம். குள்ளமாக, வெள்ளை முடியோடு, ஒரே ஒரு பெட்டியோடு வந்தார் என்று அப்பா சொன்னார்.

இன்று நன்றாகத் தூங்குவேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இசக்கி அண்ணன் இல்லாததை முதலில் கண்டுபிடித்தவை மயில்கள்.

காலை ஒன்பது மணி விமானம் இறங்க வரும்போது ஓடுபாதையில் பதினான்கு மயில்கள். ஒன்று தோகை விரித்து நின்றதாம். விமானம் மேலேயே இருபத்தைந்து நிமிடம் வட்டமடித்தது. மேனேஜர் சார் குடையை எடுத்துக்கொண்டு தானே ஓடினார். குடையைப் பார்த்ததும் இன்னொரு மயிலும் தோகையை விரித்துவிட்டதாம்.

"மேடம் என்ன சொன்னாங்க?" அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சன்னல் வழியா பாத்துக்கிட்டே நின்னாங்க. அப்புறம், 'இங்க வழக்கமா மயில விரட்டறது யாரு?'ன்னாங்க. மேனேஜரு முழிச்சாரு. 'சரி, இந்த மாசத்து தாள் எல்லாத்தையும் கொண்டு வாங்க. விமானக் கம்பெனி கணக்கையும் கொண்டு வாங்க'ன்னுட்டாங்க."

அம்மா சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. விமானக் கம்பெனியும் ஆட்களை எண்ணும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆகஸ்ட் 30, சனி

என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு அப்பா வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

"கோமளா, நானூத்தாறு பேரு கொறையுது. வந்தவங்கள வரலன்னு போட்டுருக்கு. ஒரு ஆளுக்கு இவ்வளவுன்னு நிலையத்துக்குக் கட்டணம் உண்டுல்லா. ஆள மறச்சு அந்தப் பணத்த யாரோ எடுத்துருக்கான்னு நெனைக்காங்க."

"யாரோன்னா?"

"கணக்குப் போட்டது நான்தான?"

"போட்டது நீங்க இல்லையே" என்று அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அவ பேர இழுக்காத" என்றார் அப்பா. "கண்ணு சரியில்லாம தப்பாப் போட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துரப் போறேன். கான்ட்ராக்டு போனா போவுது. போலீசுக்குப் போவாம இருந்தாச் சரி." ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

நான் திருடவில்லை என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் இருக்கிறது. அது இந்த டைரி. எந்த நாள் எத்தனை பேர், ஏன் என்று இதில்தான் இருக்கிறது. ஆனால் இதில் மற்றதும் இருக்கிறது. பத்து நிமிடம் யோசித்தேன். பிறகு டைரியைப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

விமான நிலைய வாயிலில் துப்பாக்கியோடு நின்ற காவலர் தடுத்தார்.

"எங்க பாப்பா? டிக்கெட் இருக்கா?"

"இல்ல சார். மேடத்தப் பாக்கணும்."

"டிக்கெட் இல்லாம ஒருத்தரையும் விட முடியாது."

"சார், என்கிட்ட நானூத்தாறு பேர் இருக்காங்க" என்றேன். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய் உள்ளே போன் செய்தார்.

அறையில் மேடம், மேனேஜர் சார், அப்பா. அப்பா அந்தக் கடிதத்தைப் பாதி எழுதியிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏட்டி, வீட்டுக்குப் போ!" என்று எழுந்தார். நான் டைரியை மேஜையில் வைத்துவிட்டேன்.

"இது என்ன?" என்றார் மேடம்.

"கணக்கு."

மேடம் அப்பாவை உட்காரச் சொல்லிவிட்டு முதல் பக்கத்தைப் புரட்டினார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். தாளோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு தேதிக்கும் பென்சிலில் ஒரு டிக் போட்டார். எட்டாம் தேதியில் கொஞ்சம் சிரித்தமாதிரி இருந்தது. பிறகு நிறுத்திவிட்டார்.

"பாப்பா, உங்க வீட்டு விஷயம், ஃப்ரெண்டு விஷயம் எல்லாம் எனக்கு வேண்டாம். இது ஆபீஸ் ஃபைலுக்குப் போகும். கணக்கு இல்லாத பக்கத்தையெல்லாம் பின் பண்ணி மூடிடு" என்று ஸ்டேப்ளரை என் பக்கம் தள்ளினார்.

பின் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். பின் தீர்ந்து, மேனேஜர் சார் இன்னொரு டப்பா எடுத்துக்கொடுத்தார். கொடுக்கும்போது எட்டிப் பார்த்தார்.

"என்னப் பத்தி எதுவும்..."

"இருபத்தாறாம் தேதி பின் பண்ண வேண்டாம்" என்றார் மேடம். "அதுல ஆள் கணக்கு இருக்கு."

மேனேஜர் சார் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாம் முடிந்ததும் மேடம் கால்குலேட்டரை நகர்த்தி வைத்தார். "பெட்டில ஏறினது நானூத்தாறு. ஆள்ல இறங்கினது நானூத்தாறு. இருபத்தேழு வருஷ சர்வீஸ்ல இவ்வளவு சரியா இருந்த பொய்க் கணக்கை நான் பார்த்ததே இல்ல. விமானக் கம்பெனி கட்டணமெல்லாம் முழுசா கட்டியிருக்கு. பணம் எங்கயும் போகல." பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா நீ செஞ்சது சரின்னு நினைக்காத. மொத்தம் சரியா இருந்தா போதும்னா தினமும் எதுக்கு எண்ணணும்? ஒரு நாள் இங்க நானூத்தி ரெண்டு பேர் வந்திருக்காங்க. எத்தனை நாற்காலி, எத்தனை கழிப்பறை வேணும்னு அத வச்சுத்தான் நாங்க கேட்டு வாங்கணும். நீ தொண்ணூறு பேரை நிக்க வச்சுட்டியே."

அது எனக்குத் தோன்றவில்லை. ஒரு கல்யாண வீடே கழிப்பறை வாசலில் வரிசையில் நிற்பது கண்முன் வந்தது.

"பாஸ்வேர்டைக் கொடுத்தது உங்க தப்பு சார்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா எழுந்து நின்று, "ஆமா மேடம்" என்றார். கடிதத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. வேறு மாதிரி எழுதச் சொன்னார், நடந்ததை நடந்தபடி.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். பாதி தூரத்தில், "ஒம்பது நாளும் பெட்டியவாட்டி சேத்துக் கூட்டுன?" என்றார். ரயில்வே கேட் வரை சிரித்தார். கேட் தாண்டியதும் என் காதைத் திருகினார். ரொம்ப வலித்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இதை ஹாலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஃப்ரிட்ஜுக்கு அம்மா பூட்டுப் போட்டுவிட்டாள்.

டைரியை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எல்லாப் பக்கத்திலும் முத்திரை. அப்பாவுக்கு ஒரு மெமோ. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குப் பதில் ஆறு மாதம்தான் நீட்டிக்க மேடம் ஒப்புக்கொண்டார். "ஆறு மாசம் இருக்குல்லா" என்றாள் அம்மா. மேனேஜர் சாருக்கு என்ன கிடைத்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் காலையிலிருந்து ஓடுபாதைப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நாற்பது பேரால் வகுத்தால் எங்களுக்குப் பத்தொன்பதாம் இடம்.

மதியம் ஆபீசில் அப்பா திருத்திய கணக்கைப் போட்டார்; மேடம் என்னையும் வரச் சொல்லியிருந்தார். புது பாஸ்வேர்டு. அதை அடிக்கும்போது என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். நான் ஒவ்வொரு நாளாக வாசிக்க, அவர் இரண்டு விரலால் அடித்தார். பெட்டிகள் போயின. ஆட்கள் வந்தார்கள். பதினான்காம் தேதியில் இருபத்தொரு பேர். பதினெட்டில் தொண்ணூறு பேர், மாப்பிள்ளை உட்பட.

மேடம் மாலை விமானத்துக்கு நேரமாகிறது என்று கைப்பையோடு வந்து பின்னால் நின்றார்.

"எந்தத் தேதி வரைக்கும் ஆச்சு?"

"இருபத்தேழு முடிஞ்சுது மேடம்."

"சீக்கிரம் சார். உங்க பொண்ணு கணக்குப்படி இருபத்தெட்டு சாயங்காலம் ஒருத்தர் வரல. அது நான்தான்னு நினைக்கிறேன். முதல்ல என்னை இறக்கிவிடுங்க. வராத ஊர்லேருந்து நான் எப்படிக் கிளம்பறது?"

அப்பா கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் கூரையைப் பார்த்தார்.

63ஐ அழித்து 64 என்று அடித்தேன். மேடம் வந்து சேர்ந்தார். பத்து நிமிடத்தில் கிளம்பியும் போனார்.

போனவர் கணக்கு இன்றைய தேதியில் வரும். அதை அப்பாதான் போட்டார்.